முதுகுப் படம்

கவிஞர்களின் உருவமும் கவிதையும் ஒரே பக்கத்தில் அச்சாகும் அந்த ஜப்பானியப் புத்தகத்தில், கிசே என்ற பெண் கவிஞரை மட்டும் முதுகு காட்டி உட்காரவைத்து வரைந்திருந்தான் ஓவியன் தோஹெய்.

"இந்த மூஞ்சியப் போட்டா எவன் வாங்குவான்?" என்றான். அவள் கவிதை எழுத இடமும் விடவில்லை.

கிசே தூரிகையை எடுத்தாள். மை பூசாமல் வெறுங்கோடாகக் கிடந்த கூந்தலுக்குள், உச்சந்தலையிலிருந்து இடுப்புவரை இழை இழையாகக் கவிதையை எழுதி, தாளை நேரே அச்சுக்கான மரப்பலகை செதுக்குபவரிடம் கொடுத்துவிட்டாள்.

அச்சாகி வந்த பிறகுதான் தோஹெய் படித்தான். அவன் அவள் வாசலில் பல்லிளித்து நின்று விரட்டப்பட்ட கதை. கூந்தல் நுனியில் அவன் பெயர்.

"பலகையிலேருந்து சுரண்டி எடு!" என்று கத்தினான்.

கிசே செதுக்குபவரின் உளியை எடுத்து அவனிடமே நீட்டினாள்.

"நீங்களே சுரண்டுங்க. மொட்டத்தலைதான் மிஞ்சும். வரைஞ்சது யாருன்னு கீழ பெருசா போட்டிருக்கீங்களே."