இன்னும் ஒரே ஒரு ஓட்டம்

விளக்கு வைத்த நேரத்தில் கேமராவின் வயிற்றுக்குள் 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேமரா பதறிப்போனது. உள்ளே இருந்தது பழைய கேசட். அந்த வீட்டுக் குழந்தை முதன்முதலாகச் சிரித்தது அதில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

"என்ன ஆச்சு அக்கா?" என்று கேட்டது கேமரா.

"நாடா நைஞ்சு போச்சு தம்பி. இன்னும் ஒரு தடவை ஓடுவேன். அதோட சரி" என்றது கேசட்.

கேமரா, வயரின் மறுமுனையில் இருந்த கம்ப்யூட்டர்மேல் எரிந்து விழுந்தது. "போன தடவை பிரதி எடுக்கறப்ப பாதிப் படத்தைக் கோட்டை விட்டியே! ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் அப்டேட், நடுவுல அக்காவையும் பார்த்தா எப்படிடா?"

கம்ப்யூட்டர் உடனே பாட்டை நிறுத்தியது. அப்டேட்டைத் தள்ளிவைத்தது. "இப்ப ஓடுங்கக்கா. எனக்கு வேற வேலையே இல்லை."

கேசட் நடுங்கியது, முனகியது, ஆனால் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடி முடித்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று கேமரா வியந்தது. கம்ப்யூட்டரும் ஒரு காட்சி விடாமல் வாங்கிப் பதிந்துகொண்டது.

ஆனால் கம்ப்யூட்டர் அனுப்பிய கோப்பை அடுத்த அறையில் இருந்த போன் திறக்க மறுத்தது.

"ஐயோ, அக்கா மறுபடி ஓடணுமா?" என்று பதறியது கேமரா.

"எதுக்கு?" என்றது கம்ப்யூட்டர். " அவங்க கொடுத்தது முழுசும் என்கிட்ட பத்திரமா இருக்கு. போனுக்குப் புரியற எம்.பி.4 வடிவத்துக்கு மாத்தினா திறந்துடும்."

சற்று நேரத்தில் அடுத்த அறையில் இருந்த போனிலிருந்து குழந்தையின் அந்த முதல் சிரிப்பு கேட்டது.

"கேட்டுச்சாக்கா?" என்றது கேமரா.

கேசட் அசந்து தூங்கிப்போயிருந்தது. இனி யாரும் அவளை எழுப்பக் கூடாதென்று, கேமரா தன் சின்னக் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டது.