பிரேக் மிதி
வீட்டு வாசலில் பழைய வேன் ஒரு சக்கரம் இல்லாமல் ஜாக்கியின் மேல் நிற்கிறது. புது பிரேக் பேடும் குழாயும் மாட்டிய கணவன் கீழே குந்தியிருக்கிறான். ஓட்டுநர் இருக்கையில் மனைவி. நாளை இதில்தான் அவள் தங்கள் தெருவிலுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும். "அழுத்தும்மா." மிதி பிடிமானமே இல்லாமல் அடிவரை போகிறது. "குழாய்ல இன்னும் காத்து இருக்கு. விட்டுட்டு மறுபடி அழுத்து." கீழே பாட்டிலில் பிரேக் எண்ணெய் குமிழியிடும் சத்தம் கேட்கிறது. சாய்ந்த வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசுகிறது. கடைசியில் ஒருவழியாக மிதி இறுகுகிறது. அவன் சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கையைத் துடைத்தபடி வருகிறான். "இறங்கு. முதல்ல நான் மட்டும் ஒரு சுத்து போயிட்டு வர்றேன்." "வண்டி நிக்கும்ல?" "நிக்கும்." "அப்ப ஏறுங்க. நானே ஓட்டறேன்." அவன் கதவுப்பிடியை விடாமல், குனிந்து அந்தச் சக்கரத்தை இன்னொரு முறை பார்க்கிறான்.