மூன்று சொட்டு எண்ணெய்

பளபளவென்று எண்ணெய் போட்டு முடித்திருந்த மணப்பெண்ணின் தலையை சித்தோரா மறுபடியும் தண்ணீர்க் குழாயடியில் கவிழ்த்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? ஒரு மணிக்கு இந்தப் பொண்ணுக்கு முகம் பார்க்கிற சடங்கு. இப்பவே பதினொண்ணு!"

"எண்ணெய் சரியாப் பிடிக்கல" என்றாள்.

பச்சைப் பொய். பக்கத்து நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்த நான் கண்ணால் பார்த்தேன். மணப்பெண் லோலாவின் முடி பட்டுத் துணி மாதிரி வழுக்கிக்கொண்டு விழுந்தது. குஜந்து நகரச் சந்தைப் பக்கம் உள்ள எந்த அழகு நிலையத்திலும் சித்தோரா மாதிரி எண்ணெய் போட ஆள் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, மறைப்பானேன்.

வாசலில் கார் வந்து நின்றதை சித்தோரா எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அலசிவிட்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

காரிலிருந்து இறங்கியது லோலாவின் மாமியார் ஹுர்மத் அம்மா. மகன் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட பெண் என்று, கல்யாணம் முடிந்த மூன்று நாளாக மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று தெருவே பேசியது. இன்றைக்குச் சடங்குக்கு அறுபது பெண்கள் வருகிறார்கள். முகத்திரையை விலக்கி, உச்சி முதல் பாதம் வரை அலசப்போகிறார்கள்.

"இன்னும் ஈரத்தலையோடவா உட்கார்ந்திருக்கா?" லோலாவைப் பார்க்காமல் சித்தோராவிடம்தான் கேட்டாள்.

"தப்பு என்னோடதும்மா. இது புது எண்ணெய். சூடான கை பட்டாத்தான் மினுங்கும். நான் நாள் முழுக்கத் தண்ணில கிடக்கிறவ, தொட்டுப் பாருங்க, ஐஸ்."

"அதுக்கு?"

"உங்களுது முப்பது வருஷமா தந்தூர் அடுப்புல ரொட்டி ஒட்டுற கை. நீங்க போட்டா நிக்கும்."

"நானா? காசு வாங்குறது நீ, வேலை செய்யறது நானா?"

நியாயமான கேள்வி. எனக்கே வெட்கமாகிவிட்டது. முதலாளியம்மா வரட்டும், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"வேணாம்னா விடுங்க. அறுபது பேர் வந்து, முடி ஏன் இப்படிக் கிடக்குன்னு கேட்டா, ஏதாவது சொல்லிக்கலாம்."

ஹுர்மத் அம்மா கைப்பையைத் தூக்கி என் நாற்காலியில் போட்டாள். "கொண்டா."

சித்தோரா மூன்றே மூன்று சொட்டு விட்டாள்.

"இவ்வளவுதானா? இதுல ஈ கூடக் குளிக்காது! எங்க வீட்டுல முடிக்குத் தயிர் போட்டா ஒரு சட்டி போடுவோம்."

"தயிர் வேற, இது வேற. கூடினா எண்ணெய்ச் சட்டியில விழுந்த மாதிரி ஆயிடும். உள்ளங்கையில தேய்ங்க. வேர்ல வேணாம், நுனியிலேர்ந்து மேல போங்க. மெதுவா. நாப்பது தடவை."

"நாப்பதா!"

முதல் பத்து, துணி துவைப்பதுபோல இருந்தது. லோலா தோளைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். பதினைந்தில் ஒரு சிக்கு மாட்டியது. வெடுக்கென்று இழுத்தவள், லோலா பல்லைக் கடித்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"வலிச்சா சொல்ல மாட்டியா?"

மூன்று நாளில் முதல் வார்த்தை.

"வலிக்கலம்மா."

"பொய் சொல்லாதே." அடுத்த சிக்கை விரலால் பிரித்து எடுத்தாள். "நல்ல முடிதான். என் பொண்ணுக்கு இதுல பாதி கூடக் கிடையாது. தூ தூ, கண் பட்டுடப் போவுது."

முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டாள். நாற்பது எப்போதோ போயிருக்கும். அந்தக் கனத்த கை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. லோலாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"எண்ணெய் கண்ணுல பட்டிடுச்சா?"

"ஆமாம்மா."

தலைத்துணியின் நுனியால் துடைத்துவிட்டாள். பன்னிரண்டரைக்குக் கிளம்பினார்கள். முடி மின்னியது என்னவோ உண்மை. ஆனால் காலையில் சித்தோரா முடித்திருந்த அளவுக்கு இல்லை.

வாசல் வரை போன ஹுர்மத் அம்மா திரும்பி வந்தாள். "அந்த பாட்டில் ஒண்ணு குடு. இனிமே வீட்டுல நானே இவளுக்குப் போட்டுவிடறேன். உங்களை நம்பினா அவ்வளவுதான்."

கார் போனதும் பாட்டில் ஒன்றை எடுத்துப் படித்தேன். 'மூன்று சொட்டு. ஈர முடியில் ஒரு முறை தடவவும்.' அவ்வளவுதான்.

"சூடான கை எங்கடி இருக்கு இதுல? நாப்பது தடவை எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல."

"அப்புறம்?"

சித்தோரா சீப்பிலிருந்த முடியை எடுத்துக்கொண்டே சொன்னாள். "நீ டிரையர் போட்டுக்கிட்டிருந்தே, உனக்குக் கேட்டிருக்காது. லோலா அநாதை விடுதியில வளர்ந்தவ. பேன் வரும்னு வருஷா வருஷம் மொட்டை. வெளிய வந்துதான் முடியே வளர்த்திருக்கா. நான் எண்ணெய் போட்டதும், 'அக்கா, அம்மா கை இப்படித்தான் இருக்குமா'ன்னு கேட்டா."

நான் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"நான் நல்லாத்தான் செஞ்சிருந்தேன்டி. ஆனா என்னோடது காசு வாங்குற கை. அதான் அலசிட்டேன்."