குறையாத அட்டை

"அக்கா, தெனம் துன்ற மாத்திரையும் இந்த ஒத்த மாத்திரையும் வயித்துக்குள்ள சண்டை போட்டுக்காதா?" அம்சா கேட்டாள்.

"அதெல்லாம் போடாது. இது இன்னிக்கு அவசரத்துக்கு, கரு தங்காம இருக்க. ராத்திரி புது அட்டையைப் பிரிச்சு, வழக்கம்போல தெனம் ஒண்ணு போடு. ஒரு வாரத்துக்கு ஆணுறை இல்லாம சேர வேணாம். நாள் தள்ளிப்போனா உடனே வா," என்றார் கிராம நர்ஸ் சகுந்தலா. "ஆமா, எத்தினி நாள் மறந்த?"

"மறக்கலக்கா. அவரு காசிமேட்டு லாஞ்சுல எட்டு நாள் கடலுக்குப் போயிருந்தாரு. ஆளே இல்லாதப்ப மாத்திரையை எதுக்கு வேஸ்ட் பண்ணணும்னு வுட்டுட்டேன். நேத்து வந்துட்டாரு."

சகுந்தலா தலையில் அடித்துக்கொண்டார். "அது இன்னா தலைவலி மாத்திரையா, வலிச்சா மட்டும் போட? ஆளு இருந்தாலும் இல்லாட்டியும் போடணும்டி. ரெண்டு பொண்ணும் ஆபரேஷன் பண்ணிதான் பொறந்துச்சு. இன்னொண்ணு வந்தா உன் உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரே!"

அம்சாவுக்குக் கண் கலங்கியது. "காலைல தண்ணி புடிக்கச்சொல்ல பக்கத்து வூட்டு பூங்கொடி அவ கதையைச் சொன்னா. வுட்டு வுட்டுத் துன்னா மாத்திரை வேலை செய்யாதாம், கரு தங்கிடுமாம். ஓடியாந்துட்டேன். அத்தைக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்க்கா. ஆம்பளப் புள்ள எங்கன்னு தெருவே கேக்குறாப்ல கத்திகினு கீறாங்க."

மாத்திரையை விழுங்கிவிட்டு அவள் போனாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மீன்கூடையோடு துணை சுகாதார நிலைய வாசலில் வந்து நின்றாள் மாமியார் குப்பம்மா.

"என் மருமவளுக்கு இன்னா மாத்திரை குட்த்த?"

சகுந்தலா பதிவேட்டைச் சட்டென்று மூடினார். "சத்து மாத்திரைம்மா. ரத்தம் கம்மியா கீது."

"துன்னுட்டாளா?"

"ம்... என் கண்ணு முன்னாடிதான்."

"அப்பாடா!" கூடையை இறக்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள் குப்பம்மா. "நேத்தே சொல்லியிருக்கணும். எனக்குத்தான் புத்தியில்ல."

சகுந்தலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பேரன் வேணும்னு நீதானே கத்துவ?"

"நான் கத்துறதாலதான் ஊர்ல வேற எவளும் ஆம்பளப் புள்ள எங்கன்னு அவளை வந்து கேக்குறதில்ல. அரிசி டப்பாவுல அட்டையை ஒளிச்சி வெச்சிகினு கீறா. தெனம் எண்ணிப் பாக்கறேன், எட்டு நாளா ஒண்ணுகூட கொறயல. நான் கேட்டா பயந்துகினு மொத்தமா நிறுத்திடுவா. அதான் பூங்கொடியைக் குழாயடிக்கு அனுப்பிச்சேன்."