ஆறு பேனா

வாஷிங் மெஷின் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் புத்தகத்தை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டார் மாமா.

"இது எதுக்கு மாமா?"

"மார்ச் பதினேழு, நடுக்கடல்ல புயல்னு எழுதியிருக்கோம்ல? அன்னிக்குப் போட்ட கையெழுத்து ஆடாம நின்னா எவன் நம்புவான்? மூளையை உபயோகிக்கணும் மாப்ளே!"

மாமா என்பவர் அக்காவின் கணவர், பைண்டிங் கடைக்காரர். மாப்ளே என்பவன் அவருடைய இருபத்துநாலு வயது மைத்துனன். அடுத்த வாரம் கிளம்பும் சரக்குக் கப்பல் ஒன்றில் தேர்டு ஆபீசர் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. லைசென்ஸ் இருந்தால் ஏறலாம். இல்லாவிட்டால் கரையில் நின்று டாட்டா காட்டலாம்.

லைசென்ஸ் வேண்டுமென்றால் வாய்மொழிப் பரீட்சையில் தேறி, பயிற்சிப் புத்தகத்தையும் காட்ட வேண்டும். பதினெட்டு மாதம் கப்பலில் வேலை கற்றதற்கு அதுதான் சாட்சி. உயிர்காப்புப் படகை இறக்கியது, தீயணைப்புக் குழாயைப் பிடித்தது, நங்கூரம் பாய்ச்சியது என்று ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, தேதியோடு சீஃப் ஆபீசரின் கையெழுத்து இருக்க வேண்டும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

அதைத்தான் நாலு நாளாகக் கடைக்கு லீவு விட்டுத் தயாரித்துக்கொண்டிருந்தார் மாமா. ஃபோர்ஜரி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆறு விதமான பேனா வாங்கி வந்திருந்தார். நீலம் தீர்ந்துபோகிற மாதிரி ஒரு பக்கம் மங்கியது, அடுத்த பக்கம் கறுப்பில் ஆரம்பித்தது. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் டீ டம்ளர் வட்டம். என்ஜின் எண்ணெயில் ஒரு கட்டைவிரல் ரேகை. மேலே, உப்புத் தண்ணீர் பன்னீர் மாதிரி தெளிக்கப்பட்டது.

"திருட்டுத்தனத்துக்கு இவ்வளவு உழைப்பா? இதுல கால்வாசியைக் கடையில காட்டியிருந்தா நாம இந்நேரம் எங்கேயோ போயிருப்போம்" என்றாள் அக்கா.

"உன் தம்பிக்காகத்தாண்டி பண்றேன். நன்றி கெட்டவளே!"

பரீட்சையன்று காலை, மாமா கொல்லைப்புறத்தில் தகர வாளியில் எதையோ போட்டுக் கொளுத்தினார். மைத்துனன் நகத்தைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆதாரம் க்ளோஸ். இனி நம்மகிட்ட இருக்கறது ஒரே புத்தகம். தைரியமா போ. முழிக்காதே, முழிச்சா மாட்டிக்குவே."

பரீட்சை நடத்துபவர் ஓய்வு பெற்ற கேப்டன். பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சல்லடை. அவர் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, காற்றே வராத ஒரு மின்விசிறி. இவன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"உயிர்காப்புப் படகை இறக்கப் போறே. முதல்ல என்ன செய்வே?"

"கீழே எட்டிப் பார்ப்பேன் சார். தண்ணியில யாராவது, ஏதாவது இருக்கான்னு."

சல்லடை நிமிர்ந்தார். ராடார், விளக்கு விதிகள், மூடுபனியில் ஊத வேண்டிய சங்கு என்று முக்கால் மணி நேரம் துளைத்தார். இவன் தட்டுத் தடுமாறாமல் சொன்னான்.

"பரவாயில்லையே! நிஜமாவே கப்பல்ல போனவன் மாதிரி பேசறே. புத்தகத்தைக் கொடு."

கொடுத்தான். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். டீ வட்டத்தை முகர்ந்து பார்த்தார். புயல் கையெழுத்து வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"எவன் தம்பி இதைச் செஞ்சு கொடுத்தான்?"

"சா...சார், கப்பல்ல..."

"புயல்ல எந்த சீஃப் ஆபீசர்யா உனக்குக் கையெழுத்துப் போடுவான்? வாந்தி எடுக்கவே நேரம் பத்தாது! முப்பது வருஷம் கடல்ல இருந்தவன் நான். தினமும் உன் புத்தகத்தைத் தேடி வந்து கையெழுத்துப் போட அவருக்கு வேற வேலை இல்லையா? கப்பலை விட்டு இறங்கற அன்னிக்குத்தான் பையன் புத்தகத்தை நீட்டுவான். அவர் திட்டிக்கிட்டே, ஒரே பேனாவால, ஒரே மூச்சுல அத்தனையும் போட்டுத் தள்ளுவார். என் புத்தகம் அப்படித்தான். இந்த மேஜைக்கு வந்த அசல் புத்தகம் எல்லாமே அப்படித்தான்."

சல்லடை புத்தகத்தை மூடினார்.

"ஆறு பேனா, எண்ணெய், டீ! இவ்வளவு லட்சணமான புத்தகத்தை நான் பார்த்ததே இல்லை. இனி மூணு வருஷத்துக்கு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே." சிவப்பு முத்திரையைக் கையில் எடுத்தவர், என்ன நினைத்தாரோ, கீழே வைத்தார். "நல்லாப் பதில் சொன்னே, அதான் மனசு கேக்கலை. ஒரே பேனாவுல போட்ட புத்தகம் ஒண்ணு உன்கிட்ட இருந்தா கொண்டா. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். அப்பவே லைசென்ஸ் தர்றேன். இருக்கா?"

இருந்தது, பதினெட்டு மாதம் கடலில் நாயாய் உழைத்து அவன் வாங்கி வந்த அசல் புத்தகம், 'இருநூத்திப் பன்னிரண்டும் ஒரே பேனாவா? பார்த்தா பச்சை ஃபிராடு மாதிரி இருக்கேடா!' என்று மாமா இன்று காலை அதைத் தகர வாளியில் போட்டுக் கொளுத்தும் வரை.