பாக்யராஜ் வண்டிக்கு ஒரு ஸ்டார்

டிங்!

இட்லியைப் பிட்ட கையோடு செல்வகுமாரி ஃபோனைப் பார்த்தாள். பிட்ட இட்லி தட்டிலேயே கிடந்தது.

பாகூர் பச்சையப்பன் ஒரே ஒரு ஸ்டார் போட்டிருந்தார். கீழே எழுதியும் இருந்தார்: 'பாதி நெல்லு வயல்லயே கொட்டிப் போச்சு. பாக்யராஜ் வண்டியை யாரும் கூப்பிட வேண்டாம்.'

அறுவடை சூடு பிடித்த நாளிலிருந்து இதே பாட்டுத்தான். யார் திட்டினாலும் பாக்யராஜைத்தான் திட்டினார்கள்.

சேதராப்பட்டு கம்பெனி வேலையை உதறிவிட்டு அவள் தொடங்கிய ஆப், 'கதிர்'. நெல் அறுக்கும் மிஷினுக்காக விவசாயி புரோக்கர் பின்னால் அலைய வேண்டாம். ஃபோனிலேயே பதியலாம். எந்த வாய்க்கால் பாலம் மிஷினைத் தாங்கும், எந்தச் சந்தில் லாரி திரும்பும் என்பதையெல்லாம் ஊர்க்காரர்களே அதில் சொல்லி வைத்தார்கள். அறுத்து முடித்ததும் ஸ்டார் போட்டார்கள். அந்த ஸ்டாரைப் பார்த்து அடுத்த விவசாயி தனக்கு வேண்டிய வண்டியைத் தேர்ந்தெடுப்பார்.

'உங்கள் வார்த்தைதான் இங்கே தீர்ப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். இரண்டு ஸ்டாருக்குக் கீழே போகும் வண்டியை நீக்கிவிடுவேன் என்று ஊர் ஊராகப் போய் வாக்கும் கொடுத்திருந்தாள்.

பச்சையப்பன் போட்ட ஒற்றை ஸ்டாரில் பாக்யராஜ் வண்டி இரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

நீக்க வேண்டும்.

எப்படி நீக்குவாள்? புரோக்கர்களுக்குப் பயந்து ஒரு வண்டிக்காரரும் 'கதிர்' பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில், ஆத்தூரிலிருந்து மிஷினோடு முதல் ஆளாக வந்து நின்றவர் பாக்யராஜ். அவரைப் பார்த்துத்தான் மற்ற வண்டிகள் வந்தன. அவரை அனுப்பினால் அவர்களும் கிளம்பிவிடுவார்கள். அனுப்பாமல் மழுப்பினாலோ, இனி ஒரு விவசாயிகூட அவள் பேச்சை நம்பமாட்டார். எப்படிப் பார்த்தாலும் கடையை மூட வேண்டியதுதான்.

ஃபோன் மறுபடி அலறியது. பாக்யராஜேதான். அவரும் பார்த்துவிட்டார்.

"நெல்லைக் கொட்டினேன்னு சொல்லிட்டாங்களேக்கா. பேசாம வண்டியை லாரியில ஏத்திக்கிட்டு ஊருக்கே போயிடறேங்க்கா."

"அவசரப்படாதீங்கண்ணா. நான் நேர்ல பாத்துட்டு வந்துடறேன்."

வானம் மூடிக்கொண்டு நின்றது. நாளை சாயங்காலம் மழை பிடித்துக்கொள்ளும் என்று டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. ஒதியம்பட்டிலிருந்து பாகூருக்கு ஸ்கூட்டியை விரட்டினாள். வழியெல்லாம் ஒரே சந்தேகம். கமிஷன் போன எரிச்சலில் புரோக்கர்கள்தான் ஆள் பிடித்து இப்படி எழுதச் சொல்கிறார்களோ?

பச்சையப்பனின் வயல், நேற்று அறுத்த ஈரம் காயாமல் கிடந்தது.

செருப்பை வரப்பில் விட்டுவிட்டு உள்ளே இறங்கினாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வைக்கோலை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கொட்டிய நெல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. காற்றில் படுத்துக் கிடந்த மூலையில்கூட ஒரு கதிர் தப்பவில்லை. பக்கத்து வயலில் சிந்திய நெல்லை மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் இந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"இன்னாம்மா, நீயே வந்துட்ட?"

வரப்பில் பச்சையப்பன் நின்றிருந்தார். திருதிருவென்று விழித்தார்.

நாக்கு நுனி வரை வந்த சண்டையை செல்வகுமாரி விழுங்கிக்கொண்டாள். கொட்டை எழுத்தில் போட்டுவிட்டாளே, என்ன செய்வது!

"மன்னிச்சுக்குங்க மாமா. பாக்யராஜ் வண்டியை இன்னியோட நிறுத்திடறேன். நாளைக்கு அறுக்க வேண்டிய உங்க ஏரிக்கரை வயலுக்கு எழிலரசன் வண்டி வரும். போன தடவை நீங்களே அஞ்சு ஸ்டார் போட்டீங்களே, அந்த வண்டி."

பச்சையப்பன் தோளில் கிடந்த துண்டு நழுவிச் சேற்றில் விழுந்தது.

"ஐயோ, அவனா! அவன் மூட்டையில கட்டறத வுட வாத்துக்குப் போடறதுதாம்மா அதிகம்! வேணாம் தாயி. எனக்குப் பாக்யராஜையே அனுப்பு. காலைல மொத வேலையா அனுப்பு."

செல்வகுமாரி ஃபோனை எடுத்து, பாக்யராஜுக்கு ஒரு ஸ்டார் போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

சுத்துக்கேணி வைத்தியலிங்கம் மறுபடியும் பாக்யராஜைத்தான் பதிந்திருந்தார். 'இவரெல்லாம் டிரைவரா' என்று எழுதிய கல்பனாவும் அவரைத்தான் பதிந்திருந்தாள், அதுவும் தன் வயலுக்கும் அண்ணன் வயலுக்கும் சேர்த்து. மற்றவர்களும் அப்படித்தான். திட்டியவர்களில் ஒருவர்கூட வேறு வண்டியைக் கேட்கவில்லை.

அவரை ஏன் நீக்கவில்லை என்று கேட்க ஒரு விவசாயியும் வரப்போவதில்லை. பாக்யராஜ் மேல் தப்பில்லை. புரோக்கர் வேலையும் இல்லை. 'கதிர்' எங்கேயும் போகவில்லை. 'லாரியைத் திருப்பி அனுப்புங்கண்ணா' என்று பாக்யராஜுக்கு ஒரு வரி தட்டிவிட்டபோதுதான் பசியே தெரிந்தது.

ஆனாலும் கேட்காமல் போக மனசு வரவில்லை.

"அப்புறம் எதுக்கு மாமா ஒரு ஸ்டாரு போட்டீங்க?"

பச்சையப்பன் துண்டை எடுத்து உதறினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா அறுக்கறான்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டா, மழைக்கு முன்னாடி அவன் எனக்கு எப்படிம்மா கெடைப்பான்?"