எல்லைக்கல்

"நீ நகர்ந்துக்கிட்டே இருந்தா நாங்க எதைச் சுத்தித் திரும்புறது?" என்று மூன்றாவது முறையாக அதே புலம்பலோடு வந்து நின்றது வெள்ளாடு.

கடலுக்கு அப்பால் காய்ச்சலில் கிடக்கும் ஆமைகளுக்கு மருந்து அனுப்பத்தான் இந்த ஓட்டமே. ஓடும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படி கம்பு நன்கொடை தருவதாக ஊரே சொல்லியிருந்தது. திரும்பும் இடத்துக்கு அடையாளமாக, காலையிலிருந்து அங்கேயே சுருண்டு கிடந்த ஆமையை வைத்துக்கொண்டார்கள்.

"எனக்கும் காய்ச்சல்தான் அண்ணே. குளம் பத்தடிதான், போயிடுறேன்" என்றது ஆமை.

"உன்னோடது உள்ளூர்க் காய்ச்சல், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்று சொல்லி, கொம்பால் முட்டி அதைப் பழைய இடத்துக்கே தள்ளியது ஆடு.

முயலும் குதிரையும் புழுதி பறக்க ஆமையைச் சுற்றித் திரும்பின. ஒரே கைதட்டல்.

"போற போக்குல யாராவது என்னைக் குளத்துப் பக்கமா ஒரு தள்ளு தள்ளி விடுங்களேன்!"